லாகின் செய்தவருக்கு ஒரு பக்கம், செய்யாதவருக்கு ஒரு பக்கம்: எங்கே பிரிப்பது, எப்படிப் பிரிப்பது

உறுப்பினர்களுக்கு மட்டும் என்று நான் கட்டிய முதல் தளத்தில் ஒரு தொலைபேசிப் பட்டியல் இருந்தது. லாகின் செய்தால் பட்டியல் தெரியும். செய்யாவிட்டால் 'உறுப்பினராகச் சேருங்கள்' என்ற பெட்டி தெரியும். எல்லாம் சரியாக ஓடுகிறது என்று கூட வேலை பார்த்த அக்காவிடம் காட்டினேன். அவர் லாகின் செய்யவே இல்லை. பக்கத்தின் மேல் மௌஸின் வலது பட்டனை அழுத்தி, பக்கத்தின் மூலத்தைத் திறந்தார். கொஞ்சம் கீழே இறங்கியதும் பெயரும் எண்ணுமாக மொத்தப் பட்டியலும் அங்கே இருந்தது.

"இதை யாரு பாக்கக்கூடாதுன்னு வச்சிருக்கே?"

"லாகின் பண்ணாதவங்க பாக்கக்கூடாதுக்கா."

"நான் லாகின் பண்ணலையே, தம்பி."

நான் செய்திருந்தது இதுதான். சர்வர் எல்லோருக்கும் ஒரே பக்கத்தை அனுப்பியது. பட்டியல் இருந்த பெட்டியை சிஎஸ்எஸ்ஸில் 'டிஸ்ப்ளே: நன்' கொடுத்து மறைத்திருந்தேன். வந்தவர் லாகின் ஆனவர் என்றால் ஜாவாஸ்கிரிப்ட் அந்த மறைப்பை எடுத்துவிடும். கண்ணுக்குத் தெரியாததெல்லாம் கைக்கும் போகவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிரவுசருக்கு அனுப்பியாகிவிட்டால் அது வந்தவருடைய கைக்குப் போய்விட்டது. அவர் மூலத்தைப் பார்க்கலாம், டெவலப்பர் டூல்ஸைத் திறந்து மறைப்பை எடுக்கலாம், ஜாவாஸ்கிரிப்டையே நிறுத்தி வைக்கலாம்.

அன்றிலிருந்து இந்த வேலை எப்போது வந்தாலும் நான் முதலில் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: இந்த வரி சர்வரை விட்டுக் கிளம்பும் முன்பே, இதை வாங்கப்போகிறவர் யார் என்று முடிவாகிவிட்டதா? 'ஆம்' என்று தைரியமாகச் சொல்லும்படி ஒரு தளத்தை எப்படி அமைப்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். நீங்கள் எந்த மொழியில் நிரல் எழுதுகிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. அதனால் நிரலைத் தமிழ் வாக்கியங்களாகவே காட்டுகிறேன். வரிசை புரிந்துவிட்டால் எந்த மொழிக்கும் மாற்றிக்கொள்ளலாம்.

வந்தவர் யார் என்று சர்வருக்கு எப்படித் தெரிகிறது

பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறையான எச்டிடிபிக்கு ஞாபகம் கிடையாது. ஒரு பக்கத்தைக் கேட்டால் கொடுக்கும். அடுத்த நொடி இன்னொன்றைக் கேட்டால், கேட்பவர் அதற்குப் புது ஆள். இதற்கு வழியாகத்தான் 1994-ல் நெட்ஸ்கேப்பில் இருந்த லூ மொன்டுலி குக்கியைக் கொண்டுவந்தார். சர்வர் ஒரு சிறு துண்டைக் கொடுத்தனுப்பும். பிரவுசர் அதைப் பத்திரமாக வைத்திருந்து, அதே தளத்துக்குப் போகும்போதெல்லாம் எடுத்துக் காட்டும்.

அந்தத் துண்டில் என்ன எழுதுவது என்பதில்தான் புதிதாகச் செய்பவர்கள் சறுக்குகிறார்கள். 'லாகின் = ஆம்' என்றோ 'உறுப்பினர் எண் = 42' என்றோ எழுதி வைத்தால், 42-ஐ 43 ஆக்க அரை நிமிடம் போதும்; குக்கி அவர்களுடைய கம்ப்யூட்டரில்தானே இருக்கிறது. குக்கியில் எழுத வேண்டியது, யாராலும் ஊகிக்க முடியாத நீளமான ஒரு கலப்பு எண் மட்டும்தான். அதைத்தான் செஷன் ஐடி என்கிறோம். பையை உள்ளே வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுப்பார்களே, அந்த மாதிரி. டோக்கனில் ஒன்றும் இல்லை, பை உள்ளே இருக்கிறது. 'இந்த டோக்கன் 42-ஆம் உறுப்பினருடையது' என்ற குறிப்பு சர்வரில் மட்டும் இருக்க வேண்டும்.

செஷன் ஐடியை நீங்களே உருவாக்கப் போகாதீர்கள். நேரத்தையும் உறுப்பினர் எண்ணையும் சேர்த்துக் கலக்கி ஓர் எண் செய்தால், பார்க்கக் கடினமாகத் தெரியும். பொறுமையாக உட்காருகிறவர் கண்டுபிடித்துவிடுவார். பிஎச்பி மொழியிலும், ஜாங்கோ, லாராவெல் போன்ற ஃப்ரேம்வொர்க்குகளிலும் (தளம் கட்டத் தயாராகக் கிடைக்கும் சட்டகங்கள்) இதற்கு நன்றாக அடிபட்டுத் தேறிய ஏற்பாடு உள்ளேயே இருக்கிறது.

குக்கியை அனுப்பும்போது மூன்று சொற்களைக் கூடவே சேர்த்து அனுப்ப வேண்டும். 'எச்டிடிபி-ஒன்லி' என்று சொன்னால் பக்கத்தில் ஓடும் ஜாவாஸ்கிரிப்டால் அந்தக் குக்கியைப் படிக்க முடியாது. யாராவது உங்கள் பக்கத்துக்குள் ஒரு திருட்டு ஸ்கிரிப்டை நுழைத்துவிட்டாலும் டோக்கனைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. 'செக்யூர்' என்றால், நடுவில் யாரும் படிக்க முடியாத எச்டிடிபிஎஸ் வழியாக மட்டும்தான் போகும். 'சேம்-சைட்' என்பது வேறு தளத்திலிருந்து தட்டிவிடப்படும் கோரிக்கைகளோடு குக்கியைச் சேர்த்து அனுப்பலாமா என்பதை முடிவு செய்வது. குரோம் 2020-ல் இதன் இயல்பு மதிப்பை 'லாக்ஸ்' என்று மாற்றியது. இருந்தாலும் நீங்களே வெளிப்படையாக எழுதிவிடுங்கள். எல்லா பிரவுசரும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும் என்று நம்பி இருக்க வேண்டாம்.

இன்னொன்றை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். பாஸ்வேர்டு சரி என்று தெரிந்த அந்த நொடியில் பழைய செஷன் ஐடியைக் கழித்துவிட்டுப் புதியதைக் கொடுக்க வேண்டும். லாகின் செய்வதற்கு முன்பிருந்த ஐடியையே தொடர விட்டால், ஒருவர் தனக்குத் தெரிந்த ஐடி ஒன்றை இன்னொருவர் பிரவுசரில் முன்கூட்டியே திணித்துவிட்டு, அவர் லாகின் செய்யும்வரை காத்திருந்தால் போதும். இருவருக்கும் ஒரே டோக்கன் ஆகிவிடும். பிஎச்பியில் இதைத் தடுக்க 'செஷன்_ரீஜெனரேட்_ஐடி' என்ற ஒரே ஒரு வரி போதும். ஜாங்கோவின் லாகின் ஃபங்ஷன் இதைத் தானாகவே கவனித்துக்கொள்ளும்.

பிரிக்கிற இடம்

இப்போது மையமான வேலை.

பக்கம் கேட்கப்பட்டதும்:
— செஷனைத் திற
— செஷனில் உறுப்பினர் எண் இருந்தால், அந்த உறுப்பினரை டேட்டாபேஸில் தேடு
— எண் இல்லை, அல்லது உறுப்பினர் கிடைக்கவில்லை, அல்லது கணக்கு நிறுத்தப்பட்டிருக்கிறது என்றால், ஆள் = விருந்தினர்
— ஆள் விருந்தினர் என்றால், பொதுத் தகவலை மட்டும் எடு, விருந்தினர் டெம்ப்ளேட்டில் (பக்கத்தின் வார்ப்பில்) போடு
— உறுப்பினர் என்றால், பொதுத் தகவலோடு உறுப்பினர் தகவலையும் எடு, உறுப்பினர் டெம்ப்ளேட்டில் போடு

இதில் இரண்டு இடங்களை நிதானமாகப் பாருங்கள். முதலாவது, செஷனில் எண் இருக்கிறது என்பதோடு நிற்காமல் டேட்டாபேஸிலும் கேட்பது. காலையில் லாகின் செய்தவரின் கணக்கை மதியம் நிர்வாகி நிறுத்தியிருக்கலாம். டோக்கன் இன்னும் அவர் கையில் செல்லுபடியாகத்தான் இருக்கும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு சின்னத் தேடல் கூடுதலாகப் போவதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்.

இரண்டாவது, பிரிப்பு நடப்பது தகவலை எடுக்கும் இடத்தில். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு டெம்ப்ளேட்டுக்குக் கொடுத்துவிட்டு, அங்கே 'உறுப்பினர் என்றால் காட்டு' என்று எழுதினாலும் மூலத்தில் வராது, உண்மைதான். ஆனால் ஆறு மாதம் கழித்து வேறு ஒருவர் அந்த டெம்ப்ளேட்டில் கை வைப்பார்; 'உறுப்பினர் என்றால்' பகுதியை முடிக்கும் வரியை இடம் மாற்றி வைத்துவிடுவார். தகவலே டெம்ப்ளேட்டுக்குப் போயிருக்காவிட்டால் அவர் என்ன தவறு செய்தாலும் கசிய ஒன்றும் இல்லை. அடுத்து வருபவரையும் காப்பாற்றும் நிரல் அது.

'ஆள் யார்' என்பதைக் கண்டுபிடிக்கும் வேலை ஒரே ஒரு ஃபங்ஷனில் இருக்கட்டும். முப்பது பக்கங்களின் தலையிலும் அதே ஆறு வரியை ஒட்டி வைத்தால், முப்பத்தொன்றாவது பக்கத்தில் ஒட்ட மறந்துபோகும். இதைவிட நல்லது, எல்லாப் பக்கமும் பூட்டியே இருக்கும், திறந்திருக்க வேண்டியவற்றை மட்டும் பட்டியல் போட்டுத் திறப்பது என்று வைத்துக்கொள்வது. மறதி வந்தால் 'இந்தப் பக்கம் திறக்கவில்லையே' என்று யாராவது சொல்லுவார்கள், நீங்கள் சரிசெய்துவிடலாம். தலைகீழாக வைத்தால், திறந்து கிடக்கும் பக்கத்தைப் பற்றி யாரும் வந்து சொல்ல மாட்டார்கள்.

ஃப்ரேம்வொர்க்குகளில் இதற்கெல்லாம் தயாராகப் பெயர்கள் உண்டு. ஜாங்கோ டெம்ப்ளேட்டில் 'யூசர்.இஸ்_ஆத்தென்டிகேட்டட்', ஃபங்ஷனின் தலையில் 'லாகின்_ரிக்வயர்டு'. லாராவெலில் 'ஆத்' என்றும் 'கெஸ்ட்' என்றும் இரண்டு குறிகள், ரூட்டுகளுக்கு, அதாவது பக்க முகவரிகளுக்கு, முன்னால் நின்று சரிபார்க்கும் 'ஆத்' மிடில்வேர். வேர்ட்பிரஸில் 'இஸ்_யூசர்_லாக்டு_இன்'. உங்களுடையதில் எது என்று ஆவணத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், இங்கே நீட்ட வேண்டியதில்லை.

ஆனால் வேர்ட்பிரஸ் பயன்படுத்துபவர்களிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தீமின் டெம்ப்ளேட்டில் அந்த ஃபங்ஷனைப் போட்டு ஒரு கட்டுரையை மறைத்துவிட்டு, வேலை முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். கட்டுரை டேட்டாபேஸில் 'வெளியிடப்பட்டது' என்ற நிலையில் இருக்கிறது. புதுக் கட்டுரைகளைத் தானாக வெளியே கொடுக்கும் ஆர்எஸ்எஸ் ஊட்டத்தில் அது வரும். 2016 டிசம்பரில் வந்த 4.7 பதிப்பிலிருந்து, மற்ற நிரல்கள் தகவலைக் கேட்டு வாங்கும் ரெஸ்ட் ஏபிஐ வழியாகவும் வரும். உங்கள் தீம் அந்த இரண்டு வழிகளிலும் நிற்பதே இல்லை. இது வேர்ட்பிரஸின் குறை என்று சொல்ல வரவில்லை. வெளியிட்டதை அது வெளியிடுகிறது. ஒரே தகவல் எத்தனை வாசல் வழியாக வெளியே போகிறது என்று எண்ணிப் பார்ப்பது நம் வேலை. தேடல் முடிவுகளில் வரும் இரண்டு வரிச் சுருக்கம், மின்னஞ்சல் அறிவிப்பு, மொபைல் ஆப் கேட்கும் ஏபிஐ, எல்லாமே வாசல்கள்தான்.

கோப்புகள் இன்னொரு வாசல். உறுப்பினர் பக்கத்தில் ஒரு பிடிஎஃப் இணைப்பு இருக்கிறது. பக்கத்தைப் பூட்டிவிட்டீர்கள். கோப்பு பொதுவான அப்லோட் ஃபோல்டரில் கிடக்கிறது. அதன் முகவரியை ஓர் உறுப்பினர் நண்பருக்கு அனுப்பினால் நண்பருக்கு நேராகத் திறக்கும், ஏனென்றால் அந்தக் கோரிக்கை உங்கள் நிரலைத் தொடுவதே இல்லை; வெப் சர்வரே எடுத்துக் கொடுத்துவிடுகிறது. அந்த மாதிரிக் கோப்புகளை வெளியிலிருந்து எட்ட முடியாத ஃபோல்டரில் வைத்து, 'இவர் உறுப்பினரா' என்று பார்த்துவிட்டு நிரலே எடுத்துக் கொடுக்கும்படி செய்யுங்கள். கோப்பு பெரிது என்றால், சரிபார்ப்பை நிரல் செய்துவிட்டு, கொடுக்கும் வேலையை 'எக்ஸ்-ஆக்செல்-ரீடைரெக்ட்' என்ற ஹெடர் (பதிலோடு போகும் குறிப்பு வரி) மூலம் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரிடம் விட்டுவிடலாம்.

கேஷ்: எல்லாம் சரியாக இருந்தும் தவறாகும் இடம்

என் தூக்கத்தைக் கெடுத்த சம்பவம் இது. சர்வரிலேயே பிரித்து, செஷனும் குக்கியும் ஒழுங்காக வைத்து, ஒரு தளத்தைக் கட்டி முடித்திருந்தோம். வேகம் போதவில்லை என்று, பக்கங்களின் பிரதியை வைத்திருந்து கொடுக்கும் ஒரு கேஷை முன்னால் வைத்தார்கள். மறுநாள் ஓர் உறுப்பினர் எழுதினார்: 'நான் லாகின் செய்தால் மேலே வேறு ஒருவருடைய பெயர் வருகிறது, அவருடைய முகவரியும் தெரிகிறது.'

நடந்தது எளிமையானது. உறுப்பினர் ஒருவர் தன் பக்கத்தைத் திறந்தார். சர்வர் அவருக்கென்று சரியாகத் தயாரித்துக் கொடுத்தது. நடுவில் இருந்த கேஷ் அதை ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டது. அடுத்து வந்தவர் அதே முகவரியைக் கேட்டதும், சர்வர் வரைக்கும் போகாமல் அந்தப் பிரதியையே நீட்டிவிட்டது. எங்கள் நிரலில் ஒரு வரிகூடத் தவறில்லை; அது ஓடவே இல்லை.

குக்கி இருக்கும் கோரிக்கை என்றால் கேஷ் தானாக ஒதுங்கிக்கொள்ளும் என்றுதான் நானும் அதுவரை நினைத்திருந்தேன். எச்டிடிபி விதிகளில் அப்படி இல்லை. ஆளின் சான்றைச் சுமந்து வரும் 'ஆத்தரைசேஷன்' ஹெடர் உள்ள கோரிக்கைக்கான பதிலை, வெளிப்படையான அனுமதி இல்லாமல் பொது கேஷ் சேமிக்கக் கூடாது என்று விதி உண்டு. குக்கிக்கு அந்த மாதிரிப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. பதிலில் புதுக் குக்கியை வைத்து அனுப்பினால்கூட அது கேஷைத் தடுக்காது. சில கேஷ் மென்பொருள்கள் தாமாகவே ஜாக்கிரதையாக இருக்கும். எல்லாம் அப்படி இல்லை, இருப்பதையும் யாராவது அமைப்பில் மாற்றி வைத்திருப்பார்கள்.

ஆகவே ஆளுக்கு ஆள் மாறும் எந்தப் பக்கத்திலும் 'கேஷ்-கன்ட்ரோல்' ஹெடரை நீங்களே எழுதுங்கள். 'பிரைவேட்' என்றால் அவரவர் பிரவுசர் வைத்துக்கொள்ளலாம், நடுவில் இருப்பவர் வைக்கக் கூடாது. 'நோ-ஸ்டோர்' என்றால் யாருமே வைக்கக் கூடாது. சொந்த விவரங்கள் உள்ள பக்கத்துக்கு நான் 'நோ-ஸ்டோர்' போடுகிறேன். 'நோ-கேஷ்' என்ற பெயரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள்: வைத்துக்கொள்ளலாம், ஆனால் திரும்பக் கொடுக்கும் முன் சர்வரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதுதான் அதன் அர்த்தம்.

'வேரி: குக்கி' என்று போட்டால் போதாதா என்று கேட்பார்கள். குக்கி மாறினால் பிரதியும் மாற வேண்டும் என்று சொல்லும் ஹெடர் அது. சரிதான், ஆனால் வருகையைக் கணக்கிடும் கருவிகள் ஆளுக்கொரு குக்கி வைப்பதால் இரண்டு பேருக்கு ஒரே குக்கி வருவது அபூர்வம். ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதி சேர்ந்து, கேஷ் இருந்தும் இல்லாத கதையாகிவிடும்.

பேக் பட்டனிலும் இதே சிக்கலின் சின்ன வடிவம் இருக்கிறது. பலர் பயன்படுத்தும் கம்ப்யூட்டரில் ஒருவர் லாகவுட் செய்துவிட்டுப் போகிறார். அடுத்து உட்கார்ந்தவர் பேக் பட்டனை அழுத்துகிறார், முந்தையவருடைய பக்கம் அப்படியே எழுந்து வருகிறது. பிரவுசர் அந்தப் பக்கத்தை நினைவகத்தில் உறைய வைத்திருந்து திரும்பக் கொடுக்கிறது. 'நோ-ஸ்டோர்' பெரும்பாலும் இதைத் தடுத்துவிடும். கூடுதல் பாதுகாப்புக்கு, பக்கத்தில் 'பேஜ்-ஷோ' என்ற நிகழ்வைக் கவனித்து, அதில் 'பெர்சிஸ்டட்' என்பது உண்மை என்றால் பக்கத்தைப் புதிதாக ஏற்றும்படி இரண்டு வரி ஜாவாஸ்கிரிப்ட் எழுதி வையுங்கள்.

பக்கம் பொதுவானது, ஒரு மூலை மட்டும் ஆளுக்கு ஆள் வேறு என்றால்

நிறையத் தளங்களில் நிலைமை இதுதான். கட்டுரை எல்லோருக்கும் ஒன்று. மேல் மூலையில் மட்டும் ஒருவருக்கு 'லாகின்', இன்னொருவருக்கு 'வணக்கம்' என்று பெயர். இந்த ஒரு சொல்லுக்காக மொத்தப் பக்கத்தையும் கேஷில் வைக்காமல் விடுவது வீண். பக்கத்தை எல்லோருக்கும் பொதுவாகக் கேஷிலிருந்து கொடுத்துவிட்டு, அது வந்து சேர்ந்ததும் ஜாவாஸ்கிரிப்ட் 'நான் யார்' என்று சர்வரிடம் தனியாக ஒரு கேள்வி கேட்கும்படி செய்யலாம். சர்வர் குக்கியைப் பார்த்துப் பெயரை மட்டும் திருப்பிக் கொடுக்கும். அந்தப் பதிலுக்கு 'நோ-ஸ்டோர்' கட்டாயம்.

முன்னால் நான் செய்த தவறும் இதுவும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே தெரியும். இரண்டிலும் ஜாவாஸ்கிரிப்ட்தான் மாற்றுகிறது. இங்கே உறுப்பினருக்கு உரிய தகவல், யார் என்று தெரிந்த பிறகே சர்வரை விட்டுக் கிளம்புகிறது என்பதுதான் வித்தியாசம்.

இதில் கண்ணை உறுத்தும் ஒரு விஷயம் உண்டு. பக்கம் வந்ததும் அரை நொடி 'லாகின்' என்று காட்டி, பிறகு பெயராக மாறும். உறுப்பினருக்கு ஒவ்வொரு பக்கத்திலும் 'ஐயோ, வெளியே போய்விட்டோமா' என்று ஒரு கணம் தோன்றும். முதலில் அந்த மூலையை வெற்றிடமாக விட்டு, பதில் வந்த பின் இரண்டில் ஒன்றைக் காட்டுங்கள். வெற்றிடத்துக்கு அகலமும் உயரமும் முன்பே குறித்து வையுங்கள், இல்லாவிட்டால் பெயர் வந்து உட்காரும்போது மற்றதெல்லாம் தள்ளிப்போய் விரல் தவறான இடத்தில் பட்டுவிடும்.

ரியாக்ட் மாதிரி, பக்கத்தைப் பிரவுசரிலேயே ஜாவாஸ்கிரிப்டால் கட்டும் ஏற்பாட்டில் எழுதுபவர்கள் உறுப்பினர் பகுதியின் எழுத்தையே ஜாவாஸ்கிரிப்ட் கோப்புக்குள் வைத்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கோப்பு எல்லோருக்கும் போகிறது. வடிவம் அதில் இருக்கலாம், உள்ளடக்கம் ஏபிஐ வழியாகத்தான் வர வேண்டும், ஏபிஐ ஒவ்வொரு முறையும் ஆளைச் சரிபார்க்க வேண்டும். ஆளின் விவரத்தைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும் ஜேடபிள்யூடி டோக்கனைப் பயன்படுத்துபவர்களுக்கும் ஒரு வார்த்தை: அதன் உள்ளே இருப்பது பொதுவாகக் கையெழுத்திடப்பட்டதுதான், பூட்டப்பட்டது அல்ல. யார் வேண்டுமானாலும் பிரித்துப் படிக்கலாம், மாற்றத்தான் முடியாது. ரகசியம் எதையும் அதில் எழுதாதீர்கள். பிரவுசரின் சேமிப்பிடமான லோக்கல் ஸ்டோரேஜில் வைத்தால் பக்கத்தில் ஓடும் எந்த ஸ்கிரிப்டும் எடுத்துவிடும், அதனால் நான் எச்டிடிபி-ஒன்லி குக்கியிலேயே வைக்கிறேன்.

உள்ளே வருவதும் வெளியே போவதும்

விருந்தினர் ஓர் உறுப்பினர் பக்கத்தைக் கேட்டால் லாகின் பக்கத்துக்கு அனுப்புகிறோம். லாகின் முடிந்ததும் அவரை முகப்புக்குத் தள்ளாமல், கேட்ட பக்கத்துக்கே கொண்டுபோய் விடுங்கள். அதற்காக முகவரியில் 'அடுத்து' என்று குறித்து வைக்கும்போது, அந்த முகவரி உங்கள் தளத்துக்குள்தான் இருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும். சரிபார்க்காவிட்டால் உங்கள் லாகின் பக்கத்தின் முகவரியோடு தன்னுடைய போலித் தளத்தின் முகவரியை ஒட்டி ஒருவர் மின்னஞ்சல் அனுப்பலாம். வாங்கியவர் உங்கள் தளத்தை நம்பி லாகின் செய்வார், போய் நிற்பது போலித் தளத்தில்.

லாகவுட்டைச் சாதாரண இணைப்பாக வைக்காதீர்கள். போஸ்ட் கோரிக்கை (எதையாவது மாற்றச் சொல்லும் கோரிக்கை) அனுப்பும் பட்டனாக வையுங்கள். 2005-ல் கூகுள் வெப் ஆக்சிலரேட்டர் என்ற கருவி, வேகத்துக்காகப் பக்கத்தில் உள்ள இணைப்புகளை முன்கூட்டியே திறந்து வைத்தது. இணைப்பாக இருந்த 'நீக்கு'களையும் திறந்து, பலருடைய தகவல்கள் அழிந்துபோயின. இணைப்பு என்பது பார்ப்பதற்கு, எதையும் மாற்றுவதற்கு அல்ல என்ற விதியை நான் அதிலிருந்து விட்டதே இல்லை. லாகவுட்டில் சர்வர் பக்கத்துச் செஷனையும் அழியுங்கள். குக்கியை மட்டும் அழித்தால், யாராவது அந்த டோக்கனை முன்பே நகல் எடுத்திருந்தால் அது தொடர்ந்து வேலை செய்யும்.

செஷன் எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கிறது என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். பிஎச்பியின் இயல்பு அமைப்பில், 1440 விநாடி, அதாவது 24 நிமிடம் தொடாமல் கிடந்த செஷன் துப்புரவுக்குத் தகுதியாகிவிடும். ஜாங்கோவில் 2 வாரம். வேர்ட்பிரஸில் 2 நாள், 'என்னை நினைவில் வை' என்று குறித்தால் 14 நாள். 24 நிமிடம் என்பது நீளமான படிவம் நிரப்புகிறவருக்குப் போதாது. நிதானமாக எழுதிவிட்டு 'அனுப்பு' அழுத்துகிறார், லாகின் பக்கம் வருகிறது, எழுதியதெல்லாம் போய்விடுகிறது. ஒருவருடைய ஒரு மணி நேர உழைப்பு அது. எழுதியதை அவ்வப்போது பிரவுசரிலேயே வரைவாகச் சேமித்துவையுங்கள். முடிந்தால் செஷன் முடியப்போகும் முன் ஓர் அறிவிப்பும் காட்டுங்கள்.

இரண்டு பக்கம் மட்டும் போதாது

லாகின் ஆனவர், ஆகாதவர் என்று இரண்டாகப் பிரித்தாலும், நிஜத்தில் ஆட்கள் அதற்குள் அடங்க மாட்டார்கள். மின்னஞ்சலை இன்னும் உறுதி செய்யாதவர், சந்தா முடிந்தவர், நிர்வாகி, எல்லோரும் லாகின் ஆனவர்கள்தான். 'லாகின் ஆகிவிட்டாரா' என்ற கேள்வி, 'இதைப் பார்க்க இவருக்கு உரிமை உண்டா' என்ற கேள்விக்குப் பதில் ஆகாது. ரசீது எண் 1007-ஐத் திறந்த உறுப்பினர் முகவரியில் 1008 என்று மாற்றினால் என்ன வருகிறது? அவர் லாகின் ஆனவர்தான், ரசீது வேறொருவருடையது. 'ரசீது 1008-ஐக் கொடு' என்று தேடாமல், 'இந்த உறுப்பினருக்குச் சொந்தமான ரசீதுகளில் 1008-ஐக் கொடு' என்று தேடுங்கள். வலைப் பாதுகாப்புக்காக இயங்கும் ஓவாஸ்ப் அமைப்பின் முதல் பத்து ஆபத்துகள் பட்டியலில், 2017-ல் ஐந்தாம் இடத்தில் இருந்த அணுகல் கட்டுப்பாட்டுக் குறை 2021-ல் முதலிடத்துக்கு வந்தது. இந்த 1008 விவகாரமும் அதே வகையில்தான் அடங்கும்.

சர்வர் சொல்லும் பதில் எண்ணையும் சரியாகக் கொடுங்கள். 401 என்றால் நீங்கள் யார் என்று தெரியவில்லை. 403 என்றால் யார் என்று தெரியும், அனுமதி இல்லை. அப்படி ஒன்று இருக்கிறது என்பதே தெரியக்கூடாத இடத்தில் 404. லாகின் ஆனவருக்கு அனுமதி இல்லாதபோது அவரைத் திரும்ப லாகின் பக்கத்துக்கே அனுப்பினால், அவர் பாஸ்வேர்டு தவறோ என்று மாற்றி மாற்றி அடித்துக்கொண்டிருப்பார்.

விருந்தினருக்கு முன்னோட்டம் காட்ட விரும்பினால், முதல் இரண்டு பத்தியை வெட்டும் வேலை சர்வரில் நடக்கட்டும். முழுக் கட்டுரையையும் அனுப்பி அதன் மேல் மங்கலான திரையைப் போடுவது என் முதல் தளத்துக்கே திரும்பிப் போவதுதான். வெட்டிய இடத்தில், மீதியில் என்ன இருக்கிறது என்று ஒரு வரியில் நேர்மையாகச் சொல்லுங்கள்.

திறந்துவிடும் முன் நான் பார்ப்பது

உறுப்பினர் பகுதியில் எங்கேயும் இயல்பாக வராத ஒரு சொல்லை எழுதி வைக்கிறேன், 'நீலக்குதிரை77' என்பது மாதிரி. உறுப்பினர் கட்டுரைக்குள் ஒன்று, பிடிஎஃபில் ஒன்று, சொந்த விவரப் பக்கத்தில் ஒன்று. பிறகு பிரைவேட் விண்டோவில் விருந்தினராகப் போய் அதைத் தேடுகிறேன். பக்கத்தின் மூலத்தில், நெட்வொர்க் பகுதியில் வந்திறங்கிய ஒவ்வொரு பதிலிலும், ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளில், ஊட்டத்தில், ஏபிஐயில், தளத்தின் சொந்தத் தேடல் பெட்டியில். பிடிஎஃபின் முகவரியை அங்கே நேராக ஒட்டிப் பார்க்கிறேன்.

அடுத்து இரண்டு பிரவுசரில் இரண்டு உறுப்பினர்களாக லாகின் செய்து, ஒரே பக்கத்தை மாறி மாறிப் பத்துத் தடவை திறக்கிறேன். பெயர் ஒரு தடவை மாறி வந்தாலும் கேஷில் பிசகு. இதை என் கம்ப்யூட்டரில் செய்து பிரயோஜனம் இல்லை. கேஷ் முன்னால் நிற்கும் உண்மையான தளத்தில்தான் செய்ய வேண்டும். ஒருவராக லாகவுட் செய்துவிட்டு பேக் பட்டனை அழுத்துகிறேன். லாகவுட்டுக்கு முன் நகல் எடுத்து வைத்த குக்கியைத் திரும்ப வைத்துப் பார்க்கிறேன். முதல் உறுப்பினரின் ரசீது முகவரியை இரண்டாமவரின் பிரவுசரில் ஒட்டுகிறேன்.

கடைசியில் விருந்தினர் விண்டோவுக்குத் திரும்பி வந்து, கேஷ் நிறைந்திருக்கும் அந்த நிலையில் 'நீலக்குதிரை77'-ஐ இன்னொரு முறை தேடுகிறேன். ஓர் இடத்திலும் கிடைக்கவில்லை என்றால், சோதனைச் சொல்லை அழித்துவிட்டுத் தளத்தைத் திறக்கிறேன்.